வரப்பில் நின்ற தஞ்சாவூர் ராஜா

தஞ்சாவூர் ராஜாவின் கையில் ஒரு முடி நாற்று இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். எதிரே சேற்றில் வரிசையாகக் குனிந்திருந்த பெண்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். இது நடந்த ஆண்டைக் குறித்து வைக்க வேண்டும் என்று ஊரில் இருவரிடம் விசாரித்தேன். இருவரும் வெவ்வேறு ஆண்டைச் சொன்னார்கள். கழக ஆட்சி வந்த பிறகு, குடிசை மனைகளை விசாரிக்க அதிகாரிகள் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பு என்பது மட்டும் உறுதி. சம்பா நடவு. அதற்கு மேல் துல்லியம் என்னிடம் இல்லை.

ராஜா உண்மையில் மிராசுதாரின் காரியஸ்தர். அவரை ராஜாவாக்கியவர் என் அண்ணி.

குடவாசலுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக மிராசுதாரின் நிலத்தில் எங்கள் தெரு இருந்தது. அண்ணனும் அண்ணியும் அங்கே மண் சுவர் வைத்து, கீற்று வேய்ந்து குடியிருந்தார்கள். பஞ்சாயத்து வானொலியின் குழாய் வேறு திசையைப் பார்த்திருந்தாலும் காற்று வாகாக அடித்தால் எங்களுக்கும் கேட்கும். அதில் ஒரு நிகழ்ச்சி. கெட்டிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் வேடிக்கையாகப் பதில் சொல்வார்கள். அண்ணி அதை அப்படியே நடவு வயலுக்குக் கொண்டுபோனார். விருந்தினர்களை மட்டும் மாற்றினார்: தஞ்சாவூர் ராஜா, மதுரை ராணி, கும்பினிக் கலெக்டர், அரண்மனை விகடகவி. ஆளுக்கு ஒரு வேடம். கேள்வி கேட்பவர் அண்ணி.

நான் அப்போது பள்ளி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிது. சரித்திரம் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த நால்வரும் வேறு வேறு நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள், ஒரே இடத்தில் உட்கார முடியாது என்று சொன்னேன்.

"செத்தவங்களுக்குள்ள மூத்தவங்க என்ன, இளையவங்க என்ன தம்பி? உசுரோட இருக்கறவங்கள வச்சாத்தான் சண்டைக்கு வருவாங்க" என்றார் அண்ணி.

கையிலிருக்கும் முடி, அந்த ஒரு கட்டு நாற்று, நட்டுத் தீர்வதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. விடுமுறை நாட்களில் நாற்று சுமக்கப் போவேன். அப்போது கேட்ட ஒன்று நினைவிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை, என்ன செய்வீர்கள் என்று கேள்வி.

"தண்ணிக்கு நோட்டீஸ் விடுவேன். வரலன்னா ஜப்தி" என்றார் கலெக்டர்.

"நோட்டீஸ எங்க ஒட்டுவீரு? ஆத்து மணல்லயா?" இது ராணி.

"கலெக்டரு மண்டையில ஒட்டுங்க. அங்கதான் ஒண்ணும் வெளையாது" என்றார் விகடகவி.

காரியஸ்தர் இதைக் கேட்பதற்காகவே தேவைக்கு மேல் நெருங்கி வந்து நிற்பார். சிரிப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரசவை விகடகவிகளைப் பற்றிப் பின்னாளில் நிறையப் படித்தேன். அவர்கள் பேச்சை அரசர்கள் பொறுத்துக்கொண்டதற்குப் புத்தகங்கள் பல காரணம் சொல்கின்றன. வேறொருவர் வாயால் வருவதைக் கேட்பது எல்லாருக்குமே சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பருவத்தில் எங்கள் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடி ஏறியது. கொடியேற்றத்துக்குப் போனவர்கள் நடவு முடிந்ததும் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்று மிராசுதார் சொல்லிவிட்டார். முதலில் அண்ணியின் குடிசை. கூரையைப் பிரிக்க வேண்டியவர் காரியஸ்தர். இது வயலில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் ராஜா வேடக்காரிக்குக் காய்ச்சல். காரியஸ்தருக்குப் பொறுக்கவில்லை.

"ராஜா இல்லாம என்னா கச்சேரி புள்ள? நான் சொல்றேன், கேளு."

"ராஜாவாவணும்னா கையில நாத்து இருக்கணும் ஐயா. சும்மா நின்னா நீங்க வெறும் ஐயாதான்."

அவர் குனிந்து ஒரு முடியை எடுத்துக்கொண்டார். அங்கேதான் தவறினார். நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல்லை மாற்றினால் அந்த வயல் விளையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது அவருக்கும் தெரிந்ததுதான். விளையாட்டு ருசியில் மறந்துவிட்டார்.

அண்ணி நிமிராமலே கேட்டார். "ராஜாவே, ஒருத்தர் மண்ணுல இன்னொருத்தி செவுரு வச்சா. குடிசை யாருக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வரிசையைப் பார்த்தார். மழுப்பியிருக்கலாம். ஆனால் அரண்மனைப் படங்களில் பார்த்த ராஜா மழுப்புகிறவரல்லர் போலும். "செவுரு வச்சவளுக்குத்தான். இதுல என்னா விசாரணை? அடுத்த வழக்கைக் கூப்பிடு!" என்றார். குலவை எழுந்தது. அண்ணி கரையேறி வந்து, அவர் கையிலிருந்த முடியை வாங்கி நட்டார்.

நடவு முடிந்தது. காரியஸ்தர் இரண்டு ஆட்களோடு வந்தார். அண்ணி வாசலில் நின்றார்.

"அது வெளையாட்டு புள்ள. அந்த ராஜா செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு."

"ராஜா செத்துட்டாரு. நாத்துப் புடிச்ச கை இருக்குல்ல ஐயா? போய்ப் பாருங்க, பச்சை புடிச்சு நிக்குது."

ஆட்கள் கூரையில் கை வைக்கவில்லை. ஒருவருடைய மனைவிதான் மதுரை ராணி. அந்த ஆள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்தார். காரியஸ்தரும் திரும்பினார். மிராசுதாரிடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மனை உரிமை சட்டத்தால் வந்தது. அதற்காகச் சிறை போனவர்கள் உண்டு. நடவு வயல் விளையாட்டால் வந்தது என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் அதிகாரி வந்த நாளில் குடிசை என்று ஒன்று நின்றிருக்க வேண்டுமே. இன்று அதே இடத்தில் அண்ணியின் பேரன் மாடி வீடு கட்டியிருக்கிறான்.

அன்று அதிகாரியின் விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அண்ணியின் குடிசை வெறும் மாட்டுக்கொட்டகை, சமீபத்தில் போட்டது என்று மிராசுதார் தரப்பு சொன்னது. சாட்சிக்குக் காரியஸ்தரைக் கூப்பிட்டார்கள்.

"கொட்டகை இல்லீங்க. அந்தப் பொண்ணு செவுரு வச்சப்ப நான் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு, மிராசுதாரின் வண்டியில் ஏறாமல் பஸ் ரோட்டை நோக்கித் தனியாக நடந்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார். அண்ணி சன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவுக்கு வேலை போயிடுங்க" என்றார்.

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. சுவர் மண்ணா செங்கல்லா என்று கேட்டார். மண் என்றதும் அதை எழுதிக்கொண்டார்.