தாள் மாற்றியவர்

இது ஜோடித்த கதை இல்லை. அகதாவைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும், அவள் வாயில் பொய் வந்திருக்கிறதா என்று.

அகதாவுக்கு ஈப்போவில் தாவர ஆராய்ச்சி வேலை. காட்டில் செடிகளைப் பறித்து, தாள்களுக்கு நடுவே வைத்து, பலகை போட்டு வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். ஈரம் ஏறிய தாளைத் தினமும் மாற்ற வேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் பாழ்.

சுங்காய் ஊருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத ரப்பர் தோட்டத்தின் பின்னால் ஒரு குன்று. அங்கேதான் அந்த ஊதாப் பூவைக் கண்டாள். புத்தகம் எதிலும் இல்லாத பூ. எட்டு வருடமாகக் கூடவே காடு சுற்றிய மார்கஸ் துள்ளிக் குதித்தான்.

“கண்டுபிடிச்சது நீ. ஒன் பேருதான் மொதல்ல வரும் லா.”

காய்ந்த தாள் தீர்ந்திருந்தது. வாங்கி வருகிறேன் என்று அவளைப் பாழடைந்த தோட்டத்து வீட்டில் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனான். ஒரு பூவையும் எடுத்துக்கொண்டான். பொழுது சாய்ந்தது. ஆள் வரவில்லை. போனில் லைன் இல்லை.

மறுநாள் காலை செடிக் கட்டைப் பிரித்தாள். தாளெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

அவள் தாளே இல்லை. தடித்த, பழுப்புத் தாள். முகர்ந்தாள். கடல் உப்பு வாடை.

அன்று மாலை மழை. மார்கஸ் வருவான் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் வார் அவிழ்ந்தது.

சரக்... சரக்...

“மார்கஸா?”

கரகரத்த குரல். தமிழ்தான்.

“எங்க தொரையும் வந்துர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு.”

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள். பெரிய ரோட்டில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

கார் ரிப்பேர் என்றான் மார்கஸ். சில மாதத்தில் பூ ஆய்விதழில் வந்தது, அவன் பெயர் மட்டும் போட்டு. அவனை அகதா கூடப் பிறந்தவனாக நினைத்திருந்தாள்.

பிறகு ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் அகதாவைப் போனில் கூப்பிட்டாள். அது புதுப் பூவே இல்லையாம். இருநூற்றைம்பது வருடம் முன்பு கப்பலில் வந்த வெள்ளைக்கார ஆய்வாளர் ஒருவர் பறித்த பூ அங்கே இருக்கிறதாம். தரங்கம்பாடியிலிருந்து கூட்டிவந்த உதவியாளுக்குக் காய்ச்சல் கண்டதும், திரும்பி வரும்வரை தாள் மாற்றிக்கொண்டிரு என்று அந்தக் குன்றிலேயே விட்டுவிட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறாராம். கப்பல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

போன வாரம் மார்கஸ் கூப்பிட்டான்.

“அகதா... என் வீட்டு அலமாரியில அந்தப் பூவுக்குத் தாள் மாத்தியிருக்கு. தெனமும். நீதானே?”

“நான் இல்ல. நீ வரலைன்னு அவரு வந்திருப்பாரு.”

போனை வைத்துவிட்டாள்.