அப்பாவுக்கு ஒரு நம்பர்

இந்தியாவில் நான் குடியிருந்த முதல் வீட்டில் ஆளுக்கொரு நம்பர் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம், ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாள பாரக்ஸ் அது. நீண்ட கூடம். இரண்டு பக்கச் சுவரிலும் கறுப்பு மையில் வரிசையாக நம்பர்கள். ஒவ்வொரு நம்பருக்கு மேலேயும் ஓர் இரும்புக் கொக்கி. கீழே ஒரு சிப்பாயின் கட்டில் கிடந்திருக்கும். கொக்கியில் அவன் சட்டையும் தொப்பியும் தொங்கியிருக்கும். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பயந்து கட்டியதாம். ஜப்பான்காரன் வரவில்லை. பல வருஷம் கழித்து பர்மாவிலிருந்து நாங்கள்தான் வந்து இறங்கினோம்.

அறுபதுகளின் நடுவில் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் மூவரும் ஏறிவிட்டோம். அப்பாவின் காகிதத்தில் ஏதோ முத்திரை குறைகிறது என்று துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த கப்பலில் வந்துவிடுவதாகச் சொன்னவர், எனக்குக் கடல் காற்று ஆகாது என்று தன் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்திவிட்டு, பனியனோடு திரும்பி நடந்தார். எனக்கு அப்போது ஐந்து வயது. அவர் முகத்தைவிட அந்தச் சட்டைதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீலக் கோடு போட்டது, இடது பக்கம் ஒரு பை.

பாரக்ஸில் தலைக்கு ஒரு நம்பர் என்பது சட்டம். சுவரில் நம்பர் எவ்வளவு இடம் காட்டுகிறதோ அவ்வளவுதான் ஒருவருக்கு. பக்கத்துக் குடும்பத்துக்கும் நமக்கும் நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் சுவர். நாங்கள் மூன்று பேர். அம்மா நான்கு நம்பர்களைப் பிடித்து வைத்திருந்தாள். முகாம் சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்.

“இன்னாமா, மூணு பேருக்கு நாலு நம்பர வளைச்சி வச்சிக்கினு கீறே?”

“இவ அப்பா அடுத்த கப்பல்ல வர்றாக” என்றாள் அம்மா.

“சர்தான், அந்தக் கப்பல் வர்ற வரிக்கும் வச்சிக்கோ.”

அப்பாவுக்கு ஒதுக்கிய இடம் இருபதாம் நம்பர். கொக்கிக்குப் பக்கத்தில், எந்தக் காலத்துச் சிப்பாயோ ஆணியால் சுவரில் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தான். ஊருக்குப் போக எத்தனை நாள் என்று எண்ணியிருப்பான் என்றார் மாமா. “போய்ச் சேந்தானாமா?” என்று கேட்டாள் அம்மா. கடைசிக் கட்டிடத்துக்கு மட்டும் ஜன்னலெல்லாம் கம்பி. அங்கே கைதிகளை அடைத்திருந்தார்களாம். அதை எல்லாரும் ஜெயில் பாரக்ஸ் என்பார்கள். இடம் இல்லாமல் திண்டாடிய ஜனம்கூட அதற்குள் போகமாட்டோம் என்று அடம்பிடித்தது. இந்தப் பக்கம் இருந்தவன் மட்டும் இஷ்டப்பட்டா இருந்தான் என்று மாமா சிரிப்பார்.

அடுத்த கப்பல் வந்தது. அம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, கப்பல் ஜனம் ரயிலில் வந்து இறங்கும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். பெட்டியும் படுக்கையுமாக எவ்வளவோ பேர் இறங்கினார்கள். அப்பா இல்லை. திரும்பி வந்து பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள்.

இனி நம்பர் தங்காது என்று மாமாவுக்குத் தெரியும். அவர் மூளைதான் மூளை! அப்பா வந்துவிட்டார், செங்கல் சூளையில் வேலைக்குப் போகிறார் என்று சொல்லச் சொன்னார். சொன்னால் போதுமா? ஆம்பிளை இருக்கிற வீட்டுக்கு அடையாளம் வேண்டாமா? அதற்கும் வழி வைத்திருந்தார். கொக்கியில் ஈரச் சட்டை தொங்க வேண்டும். காய்ந்த சட்டை சும்மா கிடந்ததாகவும் இருக்கலாம். ஈரச் சட்டை என்றால் நேற்று யாரோ போட்டிருந்தார்கள் என்று அர்த்தம். அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் கிணற்றடியில் அப்பாவின் அந்த நீலக் கோட்டுச் சட்டையைத் துவைத்து, இருபதாம் நம்பர் கொக்கியில் மாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஆனாலும் சூப்பர்வைசர் சட்டையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார்.

இந்தத் தந்திரத்தில் சூப்பர்வைசரைவிட அதிகமாக ஏமாந்தது நான். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பாரக்ஸில் எல்லா அப்பாக்களும் விடியுமுன் சூளைக்குப் போய், பிள்ளைகள் தூங்கியபின் வருகிறவர்கள்தானே? எங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். சட்டை தினமும் நனைகிறதே, அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? முகாமில் கொடுக்கும் பன்னில் பாதியைப் பிட்டு, சாயங்காலம் காய்ந்திருக்கும் சட்டையின் பையில் வைப்பேன். காலையில் பன் இருக்காது. அப்பாவுக்குப் பன் பிடித்திருக்கிறது என்று எனக்கு அப்படியொரு பெருமை. “சூளையில கல்லறுத்துட்டு வந்தா பசி தாங்காது தாயி” என்று மாமா தன் அறுபதாவது வயதில்தான் ஒப்புக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் சூப்பர்வைசர் புதிதாக வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியையும் அவர்களுடைய கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் இடத்துக்கு வந்தார். மூவரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க ஊட்டுக்காரு எங்கம்மா?”

“வேலைக்குப் போயிருக்காக” என்றாள் அம்மா, எப்போதும்போல.

“மழைல சூளை நின்னு எத்தினி நாளாச்சு! ஆம்பளைங்க அல்லாரும் இங்கதான் சீட்டாடிக்கினு கீறாங்க. உங்க ஊட்டுக்காரு மட்டும் எந்தச் சூளைல கல்லறுக்கறாரு?”

எதிர்வரிசையில் சீட்டாடிக்கொண்டிருந்த மாமா, கையிலிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சூப்பர்வைசர் சட்டையைக் கழற்றக் கை நீட்டினார். எனக்கு வந்ததே கோபம்! பாய்ந்து போய் அவர் குடையைப் பிடித்து இழுத்தேன்.

“எங்கப்பா தெனமும் வர்றாக! நான் தூங்குனபெறகு வந்து, எந்திரிக்கிறதுக்கு முன்னாடி போயிர்றாக. நேத்துகூட நான் வச்ச பன்னைத் தின்னாக!”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். நீட்டிய கை சட்டைக் காலரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

“காலர்ல சோப்பு அப்பிடியே கீதும்மா. நல்லா அலசிப் போடு” என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, “இவங்கள எங்க போடறது? ஜெயில் பாரக்ஸ்லயா?” என்றார்.

அம்மா என் பாயைச் சுருட்டினாள். “இந்த ஓர நம்பரை அவுகளுக்குக் குடுங்க. இவ என்கூடப் படுத்துக்கிருவா.”

அடப்பாவமே, உண்மையைச் சொல்லி ஜெயித்தது நான். பறிபோனதும் என் நம்பர்! அப்பாவின் நம்பர் சும்மாதானே கிடக்கிறது, அங்கே படுக்கிறேன் என்று அழுதேன். அம்மா விடவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். ஜெயித்த பிறகு இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருஷம் பாரக்ஸ் காலியாகத் தொடங்கியது. ஒவ்வொரு குடும்பமாக இடம் கிடைத்துப் போனார்கள். கேட்பாரற்று நம்பர்கள் கிடந்தன. சூப்பர்வைசரும் சோதனைக்கு வருவதை விட்டுவிட்டார். அம்மா மட்டும் சட்டை துவைப்பதை விடவில்லை. கப்பல்களும் குறைந்து, பிறகு நின்றுபோயின. அப்பா வரவேயில்லை. அதை இன்று இவ்வளவு சாதாரணமாக எழுத முடிகிறது.

எங்களுக்குக் கவரைப்பேட்டைப் பக்கம் ஏரிக்கரையோரம் ஒரு குடிசை கிடைத்தது. கிளம்பும்போது அம்மா சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் விடுவேனா? அப்பா வந்து பார்த்தால் என்ன நினைப்பார், நாம் போன இடம் அவருக்கு எப்படித் தெரியும், சட்டையாவது அங்கேயே இருக்கட்டும் என்று தரையில் புரண்டேன். மாமா அடிக்கக் கை ஓங்கினார். அம்மா அவரைத் தடுத்தாள். பெட்டியைத் திறந்து, சட்டையை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். அதன் பையில் நானே பாதி பன்னை வைத்தேன். ஏரிக்கரைச் சேற்றில் நடந்து குடிசைக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.

மறுநாள் காலையில் கண்விழித்தால், புதுக் குடிசையின் வாசல் கொடியில் அந்த நீலக் கோட்டுச் சட்டை ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது! அப்பா வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று கத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடினேன். ஓடும்போது அம்மாவைத் தாண்டித்தான் ஓடினேன். அடுப்படியில் உட்கார்ந்து கண் சிவக்க ஊதிக்கொண்டிருந்தாள். அவள் கால்களில் முழங்கால்வரை ஏரிக்கரைச் சேறு அப்பியிருந்தது; பக்கத்தில் பாதி பன் இருந்தது.