திரையில் ஆடிய துண்டு

வீடியோ அழைப்பில் ஒரு முகம் அசையாமல் நின்றுவிட்டால், நின்றது லைனா, ஆளா? பொறியியல் படித்தவள் என்று பெயர். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போனவர். அவளைப் பொறுத்தவரை அத்தா என்பவர் மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் போனுக்குள் வருகிறவர். அந்தக் கொஞ்ச நேரம் ஒழுங்காக அமைய வேண்டும் என்பதே எனக்கு நாள் முழுவதும் கவலை. கம்பம் ஊரில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தவுடன் முதல் ஆளாக இணைப்பு வாங்கியதும் அதற்காகத்தான்.

ஆனாலும் படம் நின்றது. சில நாள் முகம் கட்டம் கட்டமாக உடையும். சில நாள் அப்படியே நிற்கும். பிறகு "ஹலோ, கேக்குதா? லைன் போயிருச்சு" என்று திரும்புவார்.

மகள் அதை விளையாட்டாக்கிவிட்டாள். "அத்தா ஸ்டாச்சு!" என்று கத்திவிட்டுத் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படம் திரும்பியதும், "அத்தாதான் மொதல்ல அசைஞ்சாக. நான் ஜெயிச்சேன்!"

எங்களோடு இருக்கும் நாத்தனார் சிரிப்பாள். "ஒங்க அத்தா சின்னப் புள்ளையில ஒரு எடத்துல உக்கார மாட்டாக. இப்பப் பாரு, என்னா அடக்கம்!"

எனக்குச் சிரிப்பு வராது. தகப்பனை நின்றுபோன முகமாகவே இந்தப் பிள்ளை ஞாபகம் வைத்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கும்.

முறைப்படிதான் பழுதைத் தேடினேன். ஃபைபர் இணைப்புப் பெட்டியை அணைத்துப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், பச்சைதான். கதவிடுக்கில் மஞ்சள் கேபிள் மடங்கிக் கிடந்தது, நீட்டிவிட்டேன். ஆடிக் காற்றில் தெருவில் கேபிள் ஊஞ்சலாடியதைப் பார்த்து அதன் மேல் பழியைப் போட்டேன். காற்று ஓய்ந்த பிறகும் படம் நின்றது.

புகாருக்கு வந்த டெக்னீஷியன் மீட்டரை மாட்டி அளந்து பார்த்தார்.

"லைன் சுத்தமா இருக்குக்கா. லோயர் கேம்ப் ரோட்டுல தோண்டுறப்ப அறுந்துச்சே, அதைச் சரி பண்ணதுக்கப்புறம் இந்தப் பக்கம் கம்ப்ளைன்ட்டே இல்ல."

"அப்ப ஏன் படம் நிக்குது?"

"அவுக பக்கமா இருக்கும்."

"அவுக எங்க பக்கம்னு சொல்றாக."

"அப்ப நடுக்கடல்லதான்க்கா பிரச்சினை" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு நானே லேப்டாப்பை வயர் போட்டுப் பெட்டியில் செருகிப் பார்த்தேன். வேகம் முழுதாக வந்தது. வயரைக் கழற்றிவிட்டு, நாங்கள் அவரோடு பேசுகிற அடுப்படிக்குக் கொண்டுபோனதும் அதே லேப்டாப் தவழ்ந்தது. நடுவில் இரண்டு தடித்த சுவர்கள், பெட்டியை ஒட்டி ஒரு இரும்பு பீரோ. ஆக, குற்றம் வைஃபையில்தான். ஒரு விடை கிடைத்த நிம்மதி எனக்கு.

புது ரவுட்டரைத் தேர்ந்தெடுப்பதற்குள் படாத பாடுபட்டேன். ஒரே பேண்டா, இரண்டு பேண்டா, அதாவது எத்தனை அலைவரிசை? சுவரைத் தாண்டுவது ஒன்று, வேகமாகப் போவது இன்னொன்று. குழந்தை தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா? விமர்சனங்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

"நாலு கொம்பு இருக்கதா வாங்குங்க மதினி. சுவரை முட்டித் தள்ளிக்கிட்டு வரும்" என்றாள் நாத்தனார்.

கடைசியில் இரண்டு பேண்டு, நாலு ஆன்டெனாக் கொம்பு என்றே வாங்கினேன். கம்பெனிப் பெட்டியிலிருந்து வயர் இழுத்து, வீட்டுக்கு நடுவில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன். அடுப்படியிலும் வேகம் வந்தது. அன்று மாலை அவர் முகத்தில் ஒருநாள் தாடி நரை கலந்து தெரிந்தது. அதை அதுவரை நான் பார்த்ததில்லை.

மகள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"அத்தா, எப்ப வருவீக?"

படம் நின்றது.

"ஸ்டாச்சு!" என்று அவளும் நின்றாள். நான் சட்டென்று ரவுட்டரை நிமிர்ந்து பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சை. திரும்பித் திரையைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. வாய் மூடியிருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால், கட்டில் கம்பியில், நான் அவர் பயணப் பெட்டியில் மடித்து வைத்து அனுப்பிய துண்டு மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஹலோ, கேக்குதா? லைன் போயிருச்சு" என்றார்.

"ஆமா, போயிருச்சு" என்றேன்.

அவர் ஊருக்கு வர வேண்டிய லீவு ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. மறுபடியும் தள்ளிப்போயிருக்கலாம். அதைப் பிள்ளையிடம் சொல்ல வாய் வராமல்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. பழைய நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். எதில் முகம் உடைந்தது, எதில் வாய் மூடியிருந்தது? எது சுவர், எது அவர்? பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தை, தேடித் தேடி ரவுட்டர் வாங்கி நானே அடைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

மறுவாரம் மகள் "அத்தா, எப்ப" என்று ஆரம்பித்தாள். அவர் முகம் அசைவற்றுப் போவதற்குள் நான் எழுந்து போய் ரவுட்டரின் சுவிட்சை அணைத்தேன். இந்த முறை லைன் உண்மையாகவே போனது. அவருக்கு உதவியதாகத்தான் நினைத்தேன்.

அடுப்படிக்குத் திரும்பினால், மகள் நடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானம்மா ஆஃப் பண்ணுன?"

"லைன் போயிருச்சுடா ஆத்தா" என்றேன். அவள் மேலே ரவுட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அத்தாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதும் இல்லை, "ஸ்டாச்சு" சொல்வதும் இல்லை. படம் இப்போது நிற்பதே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் இப்படித் தூரத்தில் ஆளை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். துண்டு ஆடியதை நான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லலாமா? அல்லது முதலில் மகளிடம், சுவிட்சை அணைத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? நீங்களாக இருந்தால் எதை முதலில் செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.