சிக்னல் ஏறாத மேட்டில் ஓட்டுக் கேட்டவள்

ஓப்துலியா கிஸ்பி, சான் ஃபெர்மின் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வயது ஐம்பத்தொன்று. கணவன் அமெரிக்கா போய்ப் பதினாறு வருஷம். அதில் கடைசி ஒன்பது வருஷமாக அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. ஒரே மகள் மரீலுவும் இருபது வயதில் அதே வழியாகப் போய், நியூயார்க்கில் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தாள். ஈக்வடாரின் அந்த மலைச்சரிவில் இது புதிய கதை அல்ல. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் அவள் ஊர்ச் செய்திகளை முகநூலில் போட ஆரம்பித்தாள். யார் இறந்தார்கள், எங்கே மண் சரிந்தது, சந்தையில் உருளைக்கிழங்கு என்ன விலை. வெளிநாடுகளில் இருந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் ஒன்பதாயிரம் பேர். ஊரின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு இருக்காது.

ஒருநாள், மேலே ரூமிபம்பா குக்கிராமத்தில் குடிநீர்க் குழாய் உடைந்து இரண்டு மாதமாகியும் யாரும் கவனிக்கவில்லை என்று அங்கிருந்து வந்த பள்ளி ஆசிரியர் படங்களைக் காட்டினார். ஓப்துலியா அந்தப் படங்களோடு நகராட்சி வாசலில் நின்று நாலு நிமிடம் பேசினாள். வீடியோ ஸ்பெயின் வரை சுற்றியது. மாகாணத் தலைநகரின் வானொலிக்காரர்கள் எடுத்துப் பேசினார்கள். ஒரே வாரத்தில் புதுக் குழாய்கள் லாரி ஏறின.

"கவுன்சிலுக்கு நில்லுங்கக்கா!" என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். ஆள் கிடைக்காமல் திண்டாடிய சின்னக் கட்சி ஒன்று தேடி வந்தது. நின்றாள்.

அவளை எதிர்த்து நின்றவன் வில்மான் தெனேசாக்கா. தினமும் விடியற்காலையில் டெம்போவில் மேட்டுக் கிராமங்களுக்கெல்லாம் போய்ப் பால் எடுப்பவன். அவனிடம் இருந்தது பட்டன் போன். வேட்புமனுவை ஜெராக்ஸ் எடுக்க அவள் கடைக்கே வந்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒன்பதாயிரம் பேராமே. எனக்கு மொத்தமே நூத்திப்பத்து மாடுதான்."

"மாடு ஓட்டுப் போடாது, வில்மான்."

"போடாதுதான். மாட்டுக்காரிங்க போடுவாங்கல்ல?"

இருவரும் சிரித்தார்கள்.

ஓப்துலியா கடைக்குள்ளிருந்தே பிரச்சாரம் செய்தாள். காலையில் ஒரு வீடியோ, மாலையில் ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்கு அவித்த சோளத்தையும் பாலாடைக் கட்டியையும் வைத்துக்கொண்டு, திரையில் இதயங்கள் மிதந்து ஏறுவதைப் பார்த்தபடி சாப்பிடுவாள். மரீலுவின் இதயம் எப்போதும் முதல் பத்துக்குள் வந்துவிடும். ஆனால் மரீலு போன் செய்து நாலு மாதமாகியிருந்தது.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, புதுக் குழாயருகே நின்று ஒரு வீடியோ எடுக்கலாமென்று ரூமிபம்பாவுக்குக் கிளம்பினாள். கணவாய் வரை வண்டி, பிறகு ஒன்றரை மணி நேர நடை. மேலே போனதும் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. குழாயடியில் எழுபது வயதுப் பெண்மணி ஒருத்தி கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் அசுன்சியோன்.

"யாரும்மா நீ? கரண்டு மீட்டர் பாக்க வந்தவளா?"

"இல்லம்மா. தண்ணி நல்லா வருதா?"

"ஜோரா வருது. வில்மான் தம்பி புண்ணியம்."

"வில்மானா?"

"அவன்தான் பால் எடுக்க வந்தப்ப, குழாய் வருதுன்னு சொன்னான். சொன்ன மூணாம் நாள் வந்திருச்சு."

வில்மான் பொய் சொல்லவில்லை. கேள்விப்பட்ட செய்தியைத்தான் சொல்லியிருந்தான். ஓப்துலியா குழாயைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்காகப் பேசினது நான்தாம்மா."

கிழவி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "நீ கீழ இருந்து பேசினா எங்களுக்கு எப்படித் தாயீ கேக்கும்?"

அப்போதுதான் ஓப்துலியா பின்னாலிருந்த நீலக் கதவைக் கவனித்தாள். நியூஜெர்சியிலிருந்து கிளேவர் என்றொருவன் அந்தக் கதவின் பழைய படத்தைத் தினமும் அவளுடைய முகநூல் பக்கத்தில் போடுவான்.

"கிளேவர் உங்க மகனா?"

கிழவியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "அவனைப் பாத்தியா?"

"பாக்கலம்மா. எழுதுவான். தெனமும்."

"என்னன்னு எழுதுவான்?"

"நல்லா இருங்கன்னு."

"உனக்கா?"

ஓப்துலியா போனைப் பைக்குள் போட்டாள். பிரச்சார வீடியோ எடுக்காமலேயே இறங்கினாள். கணவாய்க்கு வந்ததும் கிளேவருக்கு எழுதினாள்: "வாக்குப்பதிவன்று உங்கள் அம்மா கீழே வருவார்கள். என் கடையில் இருப்பார்கள். என் போனுக்கு வீடியோவில் கூப்பிடுங்கள்." மிச்ச நாட்களில் நாலு கிராமம் நடந்து ஓட்டுக் கேட்டாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: யாரும்மா நீ?

ஓப்துலியா சொல்லி அனுப்பியிருந்தபடி, வாக்குப்பதிவு நாளில் அசுன்சியோன் கைநாட்டு மையைத் துடைத்துக்கொண்டே கடைக்கு வந்தாள்.

"கோவிச்சுக்காதே தாயீ. வில்மானுக்குத்தான் போட்டேன். தெனமும் வாசல்ல வந்து நிக்கிறவன்."

"பரவால்லம்மா. உக்காருங்க."

போன் அடித்தது. திரையில் மகனின் முகத்தைக் கண்டதும் கிழவி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். "எம்புட்டு நரைச்சுப் போச்சுடா!" என்றாள். ஓப்துலியா கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். உள்ளே முக்கால் மணி நேரம் அழுகையும் சிரிப்பும் கேட்டது.

வில்மானுக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு. அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, அதில் ரூமிபம்பாவிலிருந்து மூன்று. "மோசடி!" என்று வெளிநாடுகளிலிருந்து கொதித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் உள்ளூர்க் கவுன்சிலுக்கு ஓட்டில்லை. அங்கிருந்தபடி ஜனாதிபதிக்கும் நாடாளுமன்றத்துக்கும்தான் போடலாம். பலருக்கு அதுவே தெரிந்திருக்கவில்லை. ஓப்துலியா எழுதினாள்: "மோசடி எதுவும் நடக்கவில்லை. இங்கே இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. அவ்வளவுதான்."

அதற்கு இரண்டாயிரம் இதயங்கள். மரீலுவுடையதும் இருந்தது. அன்று ஓப்துலியாவே மகளுக்குப் போன் போட்டாள்.

"வேலைல இருக்கேம்மா. என்ன, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. உன் குரலைக் கேட்டு நாளாச்சு."

"தெனமும் உன்னைப் பாக்கிறேனேம்மா. பேசின மாதிரியே இருக்கு."

"எனக்கு அப்படி இல்லடி."

மறுமுனையில் சலவை இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு மரீலு, "ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்," என்றாள்.

இரண்டு ஞாயிறு கூப்பிட்டாள். மூன்றாவது ஞாயிறு மாலை வரை ஓப்துலியா போனை மேசையில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு சோளம் ஆறிப்போவதற்குள் சாப்பிட உட்கார்ந்தாள்.