வருமானம் தராத பாலம்

துறைமுகத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் சரக்கு ரயில் ஓட்டும் ஒரு தனியார் கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். எந்த ஆண்டு எதில் மூலதனம் போட்டோம், அடுத்து எதில் போடப் போகிறோம் என்று வரைபடம் தயாரித்து இயக்குநர்கள் முன் விளக்குவது என் வேலை. ராயபுரம் மீன்காரர் சந்திலிருந்து ஏசி அறைக்குப் போனவள் என்பதால் தெருவில் என்னை 'ரயிலு கம்பெனி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் பணமெல்லாம் வேகன் வாங்கப் போனது. பிறகு யார்டை அகலப்படுத்த. அதன் பிறகு இன்ஜின், கேமரா, சுற்றுச்சுவர். ஒன்றே ஒன்று மட்டும் ஆண்டுதோறும் தள்ளிப்போடப்பட்டது: திருவொற்றியூரில் எங்கள் தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைமேம்பாலம். அங்கே சிக்னலுக்காக வண்டி நின்றால் லேசில் நகராது. ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் பஸ் நிறுத்தமும் பள்ளிக்கூடமும். சனங்கள் வேகனுக்கு அடியில் குனிந்து புகுந்துதான் போவார்கள்.

அந்தக் குடியிருப்பில்தான் மீன் விற்கும் என் சித்தி இருக்கிறாள். ஒரு காலை அவள் அடியில் புகுந்தபோது வண்டி குலுங்கி நகர்ந்துவிட்டது. கூடையை விட்டுவிட்டு உருண்டு வெளியே வந்ததால் பிழைத்தாள். சாயங்காலம் கட்டுப் போட்ட கையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடி, உங்க வண்டி ஆளத் துன்னாதான் பாலம் கட்டுவீங்களா?"

"நான் பேசறேன் சித்தி."

"நீ பேசு. நாங்க போயி தண்டவாளத்துல குந்திக்கிறோம்."

அந்த வாரமே இயக்குநர்கள் கூட்டம். மேலாளர் என் வரைவைப் பார்த்துவிட்டு, "பாலத்தை எடுத்துடுங்க. அது வருமானம் தராத செலவு," என்றார்.

"எடுக்க மாட்டேன் சார்."

அவரே எடுத்துவிட்டார். கூட்டத்தில் எல்லாவற்றையும் விளக்கி முடித்துவிட்டு, "ஒண்ணு விட்டுப்போச்சு," என்று பாலத்தைப் பற்றிச் சொன்னேன். இயக்குநர் ஒருவர், "அதனால நமக்கு என்ன வரும்?" என்று கேட்டார்.

"நமக்கு ஒண்ணும் வராது சார். எங்க சனம் உசுரோட வூடு வந்து சேரும்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் நான் பேசாத எங்கள் தெருப் பேச்சு. யாரோ சிரித்தார்கள். சிரித்த பக்கம் திரும்பி, "வூடு," என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னேன்.

மேலதிகாரியை மீறியதற்கு விளக்கம் கேட்டார்கள். மறுநாள் காலை சித்தியும் மற்றப் பெண்களும் காலிக் கூடைகளோடு தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நான் விடுப்புச் சொல்லிவிட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் நின்ற இன்ஜின் ஊதிக்கொண்டே இருந்தது. மேலாளர் காரில் வந்து இறங்கினார்.

"நீங்களுமா? முதல்ல அந்த கார்டைக் கழட்டுங்க."

"வேலையை விட்டுத் தூக்குங்க சார், அப்புறம் கழட்டறேன்."

சித்தி நகர்ந்து இடம் விட்டாள். "நீயும் குந்து சார். வெயிலு சுள்ளுனு கீது. வண்டி இன்னிக்கு நவுராது."

துறைமுகத்தில் கப்பல் கண்டெய்னர்களுக்காகக் காத்திருந்தது. அது கம்பெனிக்காரர்களுக்குப் புரிந்தது. பாலம் கட்டுவதாக மதியத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

என்னைத் தூக்கிவிட்டார்கள். போகட்டும். இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு பாயின் பருப்பு மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். என்னை ஏன் தூக்கினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பாய் வேலை கொடுத்தார்.

பாலம் வந்துவிட்டது. படிகள் ரொம்பச் செங்குத்து. மூட்டுவலிக்காரியான சித்தி பாதியில் நின்று கம்பெனியை வண்டை வண்டையாகத் திட்டுகிறாள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏறவே முடியாது. சாய்தளம் கட்டித் தரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போகப் போகிறோம். இந்த முறையும் வருமானம் தராத செலவு என்பார்கள். சொல்லட்டும், கூடைகள் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன.