அம்மா கட்டிய இரண்டு பொட்டலங்கள்

கங்கையம்மனை நம்பியிருக்கும் என் உடன்பிறப்புகளுக்கு வணக்கம். போன தை மாதம் நான் இருந்த நிலையை முதலில் சொல்கிறேன். கையில் வேலை இல்லை. தானாக வந்த நிரந்தர வேலையை நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். நானும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் கட்டுமரம் ஏறுகிறார். அம்மா கூடையில் மீன் விற்கிறாள். எனக்கு மீன் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. காலையில் கட்டுமரங்கள் கரையேறும்போது கானாங்கெளுத்தி மீனைப் பலகையில் வைத்து நீளம் அளந்து, வயிற்றைக் கீறிச் சினை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். “இன்னாடா, மீனுக்குச் சொக்கா தைக்கப் போறியா?” என்று அண்ணன் தினமும் கேலி செய்வார். ஆனால் அந்த வேலை மேல் எனக்கு உயிர். ஒரே குறை, திட்டத்துக்கு மானியம் ஆறு மாதத்துக்குத்தான் வரும். அது முடியும்போது புது உத்தரவுக் காகிதம் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை.

ஐப்பசியில் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்தது. நிரந்தரம், பென்ஷன் உண்டு. என் தங்கையைக் கேட்டு வந்திருந்த எண்ணூர்க்காரர்கள், “படிச்ச அண்ணனுக்கு நெலையான வேலையா?” என்று முதலில் அதைத்தான் கேட்டிருந்தார்கள். மூன்று நாள் யோசித்தேன். சோறு இறங்கவில்லை. அம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மல்லி வந்தால் துறைமுகம், செவ்வரளி வந்தால் மீன் வேலை. கேட்பவன் கையால் கட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அம்மாவே மஞ்சள் நீரில் கை கழுவி, வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினாள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே துறைமுகத்துக்கு மறுப்பு எழுதிப் போட்டேன். பிரிக்காத பொட்டலத்தைக் கடலில் விட வேண்டும். அன்றைக்கு அடைமழை. டிரங்குப் பெட்டியில் போட்டேன், மறந்தும் போனேன்.

மார்கழியோடு மானியம் முடிந்தது. புதுக் காகிதம் வரவில்லை. “மேலிடத்து அனுமதி வரணும் தம்பி” என்றார் திட்டத்து ஆபீசர். எண்ணூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பதினைந்து நாளுக்கு மேல் நான் கரைப் பக்கமே போகாமல் பாயில் சுருண்டு கிடந்தேன். ஒரு மத்தியானம் சர்டிபிகேட்டைத் தேடப் பெட்டியைத் திறந்தபோது அந்தப் பொட்டலம் கையில் பட்டது. நான் இழந்த மல்லியையாவது பார்ப்போம் என்று பிரித்தேன். காய்ந்து சுருங்கியிருந்தாலும் தெரிந்தது. உள்ளே இருந்ததும் செவ்வரளிதான்.

“யம்மா! ரெண்டுலயும் அரளியா வச்சே?” என்று கத்தினேன்.

அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். “ஆமா, வச்சேன். அதுக்கு ஏன் இப்டி கூவுற?”

“ஆத்தாவையே ஏமாத்திட்டியே!”

“நான் ஏண்டா ஏமாத்தப் போறேன்? அவளாண்ட சொல்லிட்டுத்தான் கட்னேன். ஹார்பர் காயிதம் வந்த அன்னிக்கு நீ எழவு வூட்ல குந்திகினு கீறவனாட்டம் குந்திகினு இருந்தே. மீன் அளக்கப் போறதுன்னா காத்தாலயே எய்ந்து, தலை வாரிகினு ஓடுறே. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“தங்கச்சி கல்யாணம்? நெரந்தர வேலை வேணும்னு நீதானேம்மா சொன்னே?”

“வேணும்தான். எவ வேணான்னா? ஒங்கப்பன் இன்னா ஆர்டர் வாங்கிகினா கடலுக்குப் போனாரு? நாளிக்கு மீன் வரும்னு எனக்கு எவன் எய்திக் குட்த்தான்? நீங்கல்லாம் வளரல?”

என்னைவிட அந்த நிரந்தர வேலை தேவைப்பட்டவள் அவள்தான். அவளே அதை எனக்காக விட்டிருக்கிறாள். நேரே கோயிலுக்கு ஓடினேன். அதுவரை நான் அம்மனிடம் கேட்டதெல்லாம் உத்தரவாதம்தான். அன்று வேறு கேட்டேன். “தாயே, காகிதம் வரட்டும், வராமல் போகட்டும். இந்தப் பயத்தை மட்டும் எடுத்துக்கொள்.” சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் சம்பளமில்லாமலே பலகையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். “டைலர் வந்துட்டாண்டா!” என்று அண்ணன் கட்டுமரத்திலிருந்தே கூவினார். அந்த வாரம்தான் கானாங்கெளுத்தி கூட்டம் கூட்டமாக வந்தது. நாள் தவறாமல் அளந்து எழுதினேன். மாசி பிறந்ததும் ஆபீசர் தேடி வந்தார். இந்தப் பருவத்துக் கணக்கு இருந்தால்தான் மானியத்தை நீட்டிப்போம் என்று மேலிடம் சொல்லியிருக்கிறதாம். ஆள் இல்லாத நாளில் கணக்கு ஏது என்று அவர் வாடிப் போய் வந்தார். நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. ஆறு மாதம் இல்லை, ஒரு வருஷம்!

எண்ணூர்க்காரர்களும் திரும்பி வந்தார்கள். வைகாசியில் தங்கை கல்யாணம் நடந்தது.

ஒரு வருஷம் முடிந்ததும் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. மறுபடி காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் இனி நான் பாயில் சுருண்டு படுக்கமாட்டேன். என்னைப் போல இரண்டு மனமாகத் தவிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருமுறை எங்கள் தாய் முன்னால் வந்து நில்லுங்கள். வேலையைக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே பயத்தையும் அவள் காலடியில் இறக்கி வையுங்கள். அவளும் பெற்றவள்தான், உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.