மணி அடித்த குலசேகரம்

என் அப்பா குலசேகரம் பினாங்குத் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. 1984-இல் ஆறு மாதம் தொலைக்காட்சியில் தமிழ் வினாடி வினா நடத்தினார். ஒரு வாரம் அவர், மறுவாரம் மாக் மண்டின் பேட்டையில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்த தங்கராஜு அண்ணன். இரண்டு பேரும் பட்டர்வொர்த்தில் ஒரே பஸ் ஏறித்தான் கோலாலம்பூருக்குப் பதிவுக்குப் போவார்கள். ஊர் மட்டும் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை.

தங்கராஜு அண்ணனுக்குக் கேள்வியைத் தடுமாறாமல் வாசிக்க வராது. ஆனால் அவரிடம் தோற்றவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு போவார்கள். "பரவால்லக்கா, எனக்கு மட்டும் பதில் தெரியுமா லா?" என்பார். அப்பாவின் உச்சரிப்பில் ஒரு பிசிறு இருக்காது. பத்து விநாடி ஆனதும் டணார் என்று மணி அடித்துவிடுவார். பரீட்சை ஹாலில் நிற்கிறவர் மாதிரி இருக்கிறார் என்று நிலையத்துக்குக் கடிதம் போட்டார்கள். அவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. நன்றாக இருக்கட்டும்.

அந்த வருஷம்தான் எனக்கு விநாசித்தம்பி ஐயாவின் மகன் சற்குணத்தைப் பேசியிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று பதற்றத்தில் தேநீருக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெண்ணைக் கேட்கிற வழக்கமும் இல்லை.

விநாசித்தம்பி ஐயா சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசிப் பழுத்தவர். சம்பந்தியாகப் போகிறவரின் நிகழ்ச்சியில் தானும் உட்கார ஆசைப்பட்டு மனுப் போட்டார். இடமும் கிடைத்தது. கெடா மாநிலத்தின் தலைநகரம் எது என்பது கேள்வி. ஐயா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கூடியிருக்கும் சபையோர்களே, முதற்கண் என் பணிவான..."

டணார்.

அரங்கமே சிரித்தது. பிறகு அவர் "அலோர் ஸ்டார்" என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் இருந்த பிஸ்கட் பேக்டரிப் பெண் அதே பதிலைச் சொல்லிப் புள்ளியை வாங்கிக்கொண்டாள்.

ஒளிபரப்பான மறுநாளே தரகு பேசிய யோகம்மா அக்கா வந்தார். "பெரியவரு ரொம்ப ஒடஞ்சிட்டாரு. பசார்ல கூட 'முதற்கண்'னு சொல்லிக் கிண்டல் பண்றாங்களாம். இந்தப் பேச்சு வேணாம்னுட்டாரு" என்றார். அம்மா அழுதாள். அப்பா, "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அந்த வருஷக் கடைசியில் நிலையம் அவரை நிறுத்தியது. தங்கராஜு அண்ணன் ஒன்பது வருஷம் நடத்தினார். சற்குணம் ஈப்போவில் கல்யாணம் செய்துகொண்டார். எனக்கும் வரன்கள் வந்தன. ஏதாவது நொட்டை சொல்லி எல்லாவற்றையும் தட்டிக் கழித்தேன்.

1993-இல் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். தங்கராஜு அண்ணன் திராட்சையோடு பார்க்க வந்தார். அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார்:

"அன்னிக்கு அந்தக் கேள்விய மறுபடி எடுக்கலாம்னு புரொடியூசரே சொன்னாரும்மா. நான் கெஞ்சினேன். அந்தப் பொண்ணு வாங்கின புள்ளிய எப்படிப் பிடுங்குறதுன்னு உங்கப்பா முடியவே முடியாதுன்னுட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு நிமிஷ வேலை. அவர் செய்தது நியாயம்தான். அந்த நியாயத்தைக் கட்டிக்கொண்டா நான் வாழ முடியும்?

அண்ணன் போன பிறகு அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அந்தப் பையன... ஒனக்குப் புடிச்சிருந்துச்சா?"

ஒன்பது வருஷம் கழித்துக் கேட்கிறார். பதிலுக்காகக் காத்திருந்தார். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

"இல்லப்பா" என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் சமையலறைக்குப் போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுதேன்.